அப்பாவும் மகனும் கட்டும் காருக்கு ஆர்.சி. கிடைக்குமா?

கேள்வி: அப்பா கோவை கணபதியில் லேத் பட்டறை நடத்தியவர். வேலையைக் குறைத்துக்கொண்டு இப்போது வீட்டோடு இருக்கிறார். லோட்டஸ் செவன் மாதிரி ஒரு ஸ்போர்ட்ஸ் காரைச் சொந்தமாகக் கட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. இருவரும் சேர்ந்து ஆரம்பிக்கப் போகிறோம். அப்பா பெயரில் 1999 மாடல் மாருதி ஜிப்ஸி ஒன்று ஓடாமல் நிற்கிறது. அதன் என்ஜினையும் கியர் பாக்ஸையும் எடுத்துக்கொள்வதாகத் திட்டம். ஃப்ரேமும் ஃபைபர் பாடியும் செய்து தருவதாகச் சொன்ன வெளியூர்க்காரர் ஒருவருக்கு ஒன்றரை லட்சம் முன்பணம் கொடுத்துவிட்டோம். “ஜிப்ஸி ஆர்.சி.யிலேயே ஓட்டலாம், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்கிறார். இது சரிவருமா? இல்லை, இங்கிலாந்திலிருந்து கிட் வரவழைப்பதுதான் நல்லதா?
- வாசகர், கோவை

பதில்: கார் கட்டுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஆனால் கட்டிய காரை அவிநாசி சாலையில் ஓட்ட முடியாது. ஜிப்ஸி ஆர்.சி.யை வைத்து ஓட்டலாம் என்பது உங்கள் அப்பாவைக் கோர்ட்டு வாசலில் நிறுத்தும் யோசனை. வெளியூர்க்காரருக்கு இனி ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இங்கிலாந்துக்காரர்கள் கட்டி ஓட்டுகிறார்களே என்று கேட்பீர்கள். லோட்டஸ் செவன் 1957-ல் வந்தது. உதிரிகளாக வாங்கினால் கொள்முதல் வரி இல்லை என்பதால் அங்கே வீட்டுக் கொட்டகையில் கார் பூட்டும் பழக்கம் வேர்பிடித்தது. 1973-லிருந்து கேட்டர்ஹாம் நிறுவனம் அந்தக் காரைத் தயாரிக்கிறது, இன்றும் கிட்டாக விற்கிறது. ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்குக் கட்டிய ஒற்றைக் காரைக்கூட அங்கே அரசுச் சோதனை நிலையம் பிரேக், விளக்கு, புகை என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும். தேறினால் பதிவெண் உண்டு.

நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் அப்படி ஒரு வாசலே இல்லை. புது வண்டியைப் பதிய படிவம் 20-ல் விண்ணப்பிக்கும்போது கூடவே விற்பனைச் சான்றான படிவம் 21-ம், தயாரிப்பாளர் தரும் தகுதிச் சான்றான படிவம் 22-ம் வேண்டும். அந்தத் தயாரிப்பாளர் மத்திய மோட்டார் வாகன விதி 126-ன்படி மாதிரி வண்டியை புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிலையம் ஒன்றில் கொடுத்து ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் வண்டி விற்கும் கம்பெனிக்கு அந்தச் செலவு தாங்கும். ஒரே ஒரு கார் கட்டுகிற அப்பாவுக்கும் பிள்ளைக்கும் கட்டுப்படியாகாது. கையில் தொழில் உள்ளவர்கள் இத்தனை பேர் இருக்கும் நாட்டில் இது சட்டத்தின் குறை என்பது என் கருத்து. ஆனால் ஆர்.டி.ஓ. கவுண்டரில் என் கருத்து செல்லாது.

இனி ஜிப்ஸி விஷயம். ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது பிரிவு 52. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. மாநில விதிகள் ஏதாவது இடம் கொடுத்தாலும் பிரிவு 52-க்குக் கட்டுப்பட்டவைதான் என்றும் சொல்லிவிட்டது. சி.என்.ஜி., மின்சார மாற்றம் போன்றவற்றுக்கு நிபந்தனைகளோடு அனுமதி உண்டு. பாடியையும் சேஸியையும் கழற்றிவிட்டு வேறு கார் ஆக்குவதற்கு இல்லை. மீறினால் 182ஏ(4) பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

அபராதத்தோடு போனால்கூடப் பரவாயில்லை. “நான் பார்த்துக்கொள்கிறேன்” என்பவர்கள் நடைமுறையில் செய்வது என்ன தெரியுமா? பழைய சேஸியில் எண் பொறித்த துண்டை மட்டும் கட்டரால் அறுத்தெடுத்து, புது ஃப்ரேமில் வைத்து வெல்டிங் அடித்து, கிரைண்டரில் தேய்த்து, மேலே பெயின்ட் பூசிவிடுவார்கள். பட்டறைக்காரரான உங்கள் அப்பாவுக்கு அந்தத் தையல் எங்கே தெரியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆர்.சி.யைப் புதுப்பிக்கப் போகும்போது ஆய்வாளர் கண்ணுக்கும் அது தெரியும். அப்போது அது வெறும் வாகன மாற்றம் அல்ல. பாரதிய நியாய சம்ஹிதாவின் ஏமாற்று, போலி ஆவணப் பிரிவுகள் பேச்சுக்கு வந்துவிடும். ஆர்.சி. அப்பா பெயரில் இருப்பதால் முதல் சம்மனும் அவருக்குத்தான்.

விபத்து நடந்தால் நிலைமை இன்னும் மோசம். ஜிப்ஸி என்று சொல்லி இன்ஷூரன்ஸ் போட்ட வண்டி ஜிப்ஸியே இல்லை என்றால் கம்பெனி பொறுப்பைத் தட்டிக்கழிக்கப் பார்க்கும். தீர்ப்பாயம் முதலில் பணம் கொடுக்கச் சொன்னாலும், அதை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளச் சொல்லிவிடலாம். அதாவது, உங்கள் வீட்டுப் பத்திரம்வரை வரும்.

இங்கிலாந்துக் கிட்டுக்கு வருகிறேன். உதிரிபாகம் என்று சொல்லி இறக்கினால் தீர்வை குறையும் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். பிரித்த நிலையில் வந்தாலும் முழுப் பொருளின் தன்மை இருந்தால் அதை முழுப் பொருளாகவே வகைப்படுத்தலாம் என்று சுங்கத் தீர்வைச் சட்டத்தின் பொது விளக்க விதி 2(ஏ) சொல்கிறது. பெட்டியில் வந்தாலும் அது கார்தான். அப்படித் தீர்வை கட்டி எடுத்தாலும் பதிவுக்கு மறுபடி விதி 126 வாசலில்தான் நிற்க வேண்டும்.

ஆகவே, கட்டுங்கள், பந்தயத் தடத்துக்கு மட்டும் என்று தீர்மானித்துக் கட்டுங்கள். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பதிவில்லாத வண்டியைப் ‘பொது இடத்தில்’ மட்டுமல்ல, ‘வேறு எந்த இடத்திலும்’ ஓட்டக் கூடாது என்கிறது பிரிவு 39. காம்பவுண்டுக்குள் ஓட்டினால் யார் கேட்பது என்ற வாதம் முழுப் பாதுகாப்பு ஆகாது. ஆனால் மோட்டார் வாகனம் என்பதற்கு பிரிவு 2(28) தரும் விளக்கத்தில், சாலை உபயோகத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது அடிப்படை. அடைத்த வளாகத்துக்குள் மட்டுமே உபயோகிக்க அமைத்த தனிவகை வண்டிகளுக்கு விலக்கும் இருக்கிறது. உங்கள் கார் முதல் நாளிலிருந்தே பந்தயத் தடத்துக்கான கார் என்று எல்லாக் காகிதமும் பேச வேண்டும். வரைபடம், வாங்கிய ரசீதுகள், வேலை நடக்கும்போது எடுத்த படங்கள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போடுங்கள். நம்பர் பிளேட் மாட்டாதீர்கள். தடத்துக்குக் கொண்டுபோக வேண்டுமானால் இன்னொரு வண்டியில் ஏற்றித்தான் போக வேண்டும். “பெட்ரோல் பங்க் வரைக்கும்தானே” என்று அப்பா சாவியை எடுத்தால் நீங்கள்தான் தடுக்க வேண்டும்.

இதற்கு உங்கள் ஊரைவிட நல்ல ஊர் கிடையாது. மாருதி 800 என்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கிய கரிவரதன் கோவைக்காரர். செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஃப்ரேம் அடிக்கும் முன்பே அங்கே போய், ரோல் கேஜ், சீட் பெல்ட் நிபந்தனைகளைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

லோட்டஸ் சின்னம் பதிக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். வர்த்தகச் சின்னச் சட்டத்தின் பிரிவு 29 வியாபார உபயோகத்தைத்தான் மீறல் என்கிறது. சொந்தக் காரில் ஒட்டிக்கொள்வது அதில் வராது. நாளை அதே சின்னத்தோடு விற்றால் வரும். குற்ற வழக்கானால் பிரிவு 103-ன்படி குறைந்தது 6 மாதம் சிறை. பிரேசிலில் 2019-ல் போலி ஃபெராரி, லம்போர்கினி கட்டி விற்ற பட்டறை ஒன்றைப் போலீஸ் மூடியது. அதை நடத்தியதும் ஓர் அப்பாவும் மகனும்தான்.

ஜிப்ஸியைப் பிரித்து அது இனி வண்டியாக ஓடாது என்றானதும் மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 55-ன்படி 14 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைத்து ரத்து செய்யுங்கள். அந்தக் காகிதம் வெளியில் இருக்கும்வரை வேறு யாராவது உபயோகிக்க வாய்ப்புண்டு.

முன்பணத்துக்கு வழி இருக்கிறது. சட்டப்படி ஓட்ட முடியாத காரை ஜிப்ஸி ஆர்.சி.யில் ஓட்டலாம் என்று சொல்லிப் பணம் வாங்கியது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிகம். முதலில் ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்பி, 15 நாள் கெடு கொடுங்கள். திருப்பித் தராவிட்டால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். எதிர்த்தரப்பு வெளியூர் என்பது தடையல்ல. அவருடைய வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாதீர்கள். பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-ன் சான்றோடு அவை செல்லும். காலவரம்பு 2 ஆண்டு. பணம் அனுப்பிய தேதியை வங்கிக் கணக்கில் பார்த்து இன்றைக்கே நோட்டீஸை எழுதுங்கள்.