ஸ்டாண்ட் மிக்சரில் சாறு பிழிந்தால் கசக்குமா?

கேள்வி: கேக் மாவு கலக்கும் ஸ்டாண்ட் மிக்சரில் ஆரஞ்சு பிழியும் இணைப்பை மாட்டலாமாமே? அதில் பிழிந்த சாறு கசக்குமா?

பதில்: தாராளமாக மாட்டலாம். கிச்சன்எய்ட் போன்ற மிக்சர்களின் தலைப்பகுதியில், முன்புறம் ஒரு துளை இருக்கும். மூடியைக் கழற்றி, இணைப்பின் தண்டைச் செருகித் திருகை இறுக்கினால் போதும். கிச்சன்எய்ட் சொல்லும் வேகம் 6. பழத்தைக் குறுக்கே இரண்டாக நறுக்கி, சுழலும் கூம்பில் மெல்ல அழுத்த வேண்டும். விதையும் சக்கையும் வடிகட்டியில் தங்கிவிடும்.

கசப்புக்கு மிக்சர் காரணமல்ல, அழுத்தும் கைதான். அளவுக்கு மீறி அழுத்தினால், மோட்டாரின் வலுவில் கூம்பு சதையைத் தாண்டி வெள்ளைத் தோல்வரை சுரண்டிவிடும். சதை தீர்ந்ததும் பழத்தை எடுத்துவிடுங்கள். சாத்துக்குடியில் இன்னொரு சிக்கலும் உண்டு: பிழிந்து வைத்த சாற்றில் லிமோனின் என்ற கசப்புப் பொருள் நேரமாக ஆகக் கூடும். பிழிந்தவுடன் குடித்துவிடுவதே நல்லது.

குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த பழத்தைச் சற்று வெளியே வைத்துப் பிழிந்தால் சாறு நன்றாக இறங்கும். வடிகட்டியை உடனே கழுவுங்கள். சக்கை காய்ந்தால் தேய்த்து மாளாது.

நம் வீட்டுச் சட்னி மிக்சியில் இந்த இணைப்பு பொருந்தாது. ஓரிரு எலுமிச்சைக்குக் கையே போதும். தினமும் குடும்பத்துக்கே ஆரஞ்சு பிழிபவர்கள் தயங்காமல் வாங்கலாம்.