முதலில் ஒரு நாற்காலி

கேள்வி: என் துணிக்கடையில் 20 பேர் வேலை செய்கிறார்கள். தீபாவளிக்கு போனஸ், புதுத்துணி எல்லாம் கொடுக்கிறேன். ஆனாலும் யாரும் நிலைப்பதில்லை. இருப்பவர்களும் கடமைக்கு வேலை பார்க்கிறார்கள். என்ன செய்வது?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: போனஸ் வருடத்துக்கு ஒருமுறை; கால்வலி தினமும். மாலை ஏழு மணிக்கு உங்கள் சேலைப் பிரிவைக் கவனியுங்கள். முப்பது சேலை பிரித்துக் காட்டியும் வாடிக்கையாளர் வாங்காமல் போயிருப்பார். அத்தனையையும் மடித்துக்கொண்டே விற்பனைப் பெண் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறி நிற்பார். நீங்கள் திரும்பினால் சட்டென்று நிமிர்வார். அந்தப் பயம் இருக்கும் இடத்தில் ஈடுபாடு வளராது.

உட்கார இடம் கொடுப்பது உங்கள் தயவு அல்ல. கேரளம் 2018-லேயே இதைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் 22-ஏ பிரிவைச் சேர்த்து, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்றது. இருக்கை போட்டால் போதாது. ஆளில்லாத நேரத்தில் உட்காருங்கள் என்று நீங்களே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

அடுத்து, கடை திறக்கும் முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். நேற்று வாடிக்கையாளர் கேட்டு நம்மிடம் இல்லாதது எது என்று ஊழியர்களிடம் கேளுங்கள். அவர்கள் சொன்னதை வரவழைத்தால், யார் சொன்ன யோசனை என்று எல்லோர் முன்பும் சொல்லுங்கள். தவறைக் கண்டிப்பதென்றால் தனியே அழைத்துப் பேசுங்கள். வார விடுப்பை முன்கூட்டியே எழுதி ஒட்டுங்கள்.

மரியாதை கிடைக்கும் கடையை விட்டு யாரும் எளிதில் போக மாட்டார்கள். நாளைக் காலையே நாற்காலி போடுங்கள்.