அலுவலக வாசலில் உங்கள் வண்டிக்கு இடம் உண்டா?

திங்கள் முதல் சனி வரை ஷிப்ட். ஓவர்லாக் மெஷினை விட்டுவிட்டு ஒரு சான்றிதழுக்காக அரசு அலுவலகம் போகணும்னா அரை ஷிப்ட் சம்பளம் போயிடும். ஞாயிறு உங்களுக்கு லீவு, அலுவலகத்துக்கும் லீவு. சரி, பர்மிஷன் போட்டு வந்துட்டீங்க. வளாகத்துக்குள் ஸ்கூட்டரைத் திருப்பினால், "உள்ளே எடமில்லீங்க, ஸ்டாஃப் வண்டிக்கே பத்தலை, வெளியில போடுங்க" என்கிறார் வாசலில் நிற்பவர். வெளியில் போட்டால் அபராதம் வருமோ என்ற பயம்.

அந்த இடம் ஊழியர்களுக்கு என்று யார் முடிவு செய்தது? இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்கும் வழியைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

முதலில் நம்ம ஊர் நிலவரம். திருப்பூர் 2008-ல் மாநகராட்சி ஆனது, 2009-ல் தனி மாவட்டம் ஆனது. 2011-ல் வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகளும் சுற்றியிருந்த ஊராட்சிகளும் மாநகராட்சியோடு இணைந்தன. இன்று 60 வார்டுகள், 4 மண்டலங்கள். மக்கள், கோப்புகள், ஊழியர்கள், வண்டிகள் எல்லாம் கூடின. ஆனால் ஓர் அலுவலகத்தின் காம்பவுண்டு சுவர் தானாக நகர்ந்து கொடுக்காது இல்லையா?

ஒரு சின்னக் கணக்கு போடுங்க. ஒரு கார் நிற்க 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் என்று வைத்தால் 12.5 சதுர மீட்டர். ஒரு இருசக்கர வண்டிக்கு 1 மீட்டருக்கு 1.8 மீட்டர் போதும். அதாவது ஒரு கார் காலையிலிருந்து மாலை வரை அசையாமல் நிற்கும் இடத்தில் ஆறு வண்டிகள் நிற்கலாம். மனு கொடுக்க வருபவர் ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிட்டால், அதே இடம் பகலில் எத்தனை பேருக்குப் பயன்படும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்க. முதியோர் உட்கார ஒரு கூடம், கூடுதலாக ஒரு கவுன்ட்டர், இவையும் இதே இடத்துக்குத்தான் போட்டி போடுகின்றன.

ஊழியர்கள் மீது கோபப்பட்டுப் பயனில்லை. அவிநாசியிலிருந்தும் பல்லடத்திலிருந்தும் வருபவர்கள் வண்டியை எங்கே விடுவார்கள்? வார்டுக்குள் சுற்றும் களப்பணியாளருக்கு வண்டி கட்டாயம் வேண்டும். நிலத்துக்கு ஒரு விலை இருக்கிறது என்பதை மறந்து பங்கு போடுவதில்தான் சிக்கல். 2006-ன் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, நிறுத்தக் கட்டணம் அந்த நிலத்தின் மதிப்பைக் காட்ட வேண்டும் என்கிறது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகராட்சி 2012 முதல், ஊழியர்களுக்கு 11 அல்லது அதற்கு மேற்பட்ட நிறுத்த இடங்கள் தரும் நிறுவனங்களிடம் ஆண்டுக் கட்டணம் வாங்கி, அதை டிராம் வண்டிப் பாதைக்குச் செலவிட்டது. நம்ம ஊருக்கு அது அப்படியே பொருந்தும்னு சொல்லவில்லை. பனியன் கம்பெனி முன்னால் நிற்கும் வண்டிகளில் பெரும்பாலானவை தொழிலாளியின் பைக்.

இனி, கேட்கும் முறை. இடம் ஒதுக்குவது சில சமயம் மன்றத் தீர்மானமாக இருக்கும், சில சமயம் அலுவலக உத்தரவாக இருக்கும். சில இடங்களில் வெறும் பழக்கம்தான். அதனால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன்படி மனு எழுதும்போது "ஏன் எங்களை உள்ளே விடுவதில்லை?" என்று எழுதாதீங்க. கையில் இருக்கும் ஆவணத்தைத் தருவதுதான் பொதுத் தகவல் அலுவலரின் வேலை, விளக்கம் சொல்வது அல்ல. இப்படி எழுதுங்க:

"இவ்வளாகத்தில் ஊழியர் வாகனங்களுக்கும் பொதுமக்கள் வாகனங்களுக்கும் இடம் ஒதுக்கிய மன்றத் தீர்மானம் அல்லது அலுவலக உத்தரவின் நகல், ஒப்புதல் பெற்ற கட்டட வரைபடத்தில் வாகன நிறுத்தம் காட்டும் பக்கத்தின் நகல், நிறுத்தும் இடம் குத்தகைக்கு விடப்பட்டிருந்தால் அந்த ஒப்பந்தத்தின் நகல் ஆகியவற்றை வழங்கவும்."

வரைபடத்தை விட்டுடாதீங்க. வண்டி நிறுத்தம் என்று வரைந்த இடத்தில் இன்று பழைய பீரோக்கள் நிற்கலாம்.

கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதை போனில் படம் எடுத்து வைங்க. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அல்லது திருப்தி இல்லையென்றால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு 30 நாளுக்குள் எழுதலாம்.

"அப்படி ஒரு ஆவணம் இல்லை" என்று பதில் வந்தால் சோர்ந்துடாதீங்க, அதுவும் நல்ல பதில்தான். ஊழியர்களுக்கு என்று எந்த உத்தரவும் இல்லை என்று அலுவலகமே எழுதிக் கொடுத்துவிட்டது! அந்தக் கடிதத்தோடு உங்கள் வார்டு உறுப்பினரைப் பாருங்க, பகுதி சபா கூட்டத்தில் வாசிங்க. "நுழைவாயில் பக்கம் இருபது வண்டிக்கு இடம், மாற்றுத்திறனாளிகளுக்குத் தனியாக இரண்டு" என்று எண்ணிக்கையோடு கேளுங்க. கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் முதல்வரின் முகவரி உதவி எண் 1100-ல் பதியலாம். மதிய சாப்பாட்டு நேரம் அதற்குப் போதும்.