காதில் பூச்சுற்றும் மொழிப் பயிற்சிகள்

திண்டுக்கல் மாவட்டத்து வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள். அவர்களோடு பேச இந்தி வேண்டும். இன்டர்வியூவுக்கு இங்கிலீஷ் வேண்டும். ‘மூளையை டியூன் செய்து மொழி கற்றுத் தருகிறோம்’ என்பவர்களுக்கு இது நல்ல காலம். எதை நம்பலாம்?

நம்பிக்கை: சின்ன வயதில் கேட்காத ஒலி, வளர்ந்தபின் காதில் ஏறாது.

உண்மை: பாதிதான் சரி. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதத்தில் இந்தியின் ‘த’வையும் ‘ட’வையும் பிரித்தறிவதையும், ஒரு வயதை நெருங்கும்போது அந்தத் திறன் மங்குவதையும் கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் காட்டினார்கள். காது கெட்டுப்போவதில்லை, தாய்மொழிக்குத் தேவைப்படாத வேறுபாட்டை மூளை பொருட்படுத்தாமல் விடுகிறது, அவ்வளவுதான். அதைத் திரும்பப் பழக்கலாம். ஆங்கில ‘ர’, ‘ல’ இரண்டிலும் தடுமாறிய ஜப்பானியப் பெரியவர்களுக்கு மூன்று வாரம் கேட்கும் பயிற்சி தந்தார்கள்; நூற்றுக்கு 78 ஆக இருந்த சரியான விடைகள் 86 ஆயின. 1991-இல் வெளியான ஆய்வு இது.

நம்பிக்கை: ஹெட்போன் மாட்டிக்கொண்டு தூங்கினால் மொழி தானாக ஏறும்.

உண்மை: 1956-இலேயே எம்மன்ஸ், சைமன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் மூளை அலைகளைப் பதிவுசெய்து பார்த்தார்கள். உண்மையாகவே உறங்கியவர்களுக்கு, ஒலித்த சொற்கள் மனத்தில் நிற்கவில்லை. பகலில் படித்ததை உறுதிப்படுத்தத் தூக்கம் உதவும். அதற்கு நிம்மதியாகத் தூங்கினாலே போதும்.

நம்பிக்கை: குழந்தைக்கு இங்கிலீஷ் கார்ட்டூன் போட்டுவிட்டால் போதும்.

உண்மை: பட்ரீசியா குல் குழுவினரின் 2003 ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் சீன மொழியின் ஒலிகளை நேரில் விளையாடியவரிடம் கற்றன. அதே ஆள் திரையில் பேசியபோது ஒன்றும் கற்கவில்லை.

நம்பிக்கை: சுத்தமான உச்சரிப்புள்ள ஒரே வாத்தியார் போதும்.

உண்மை: ஒரே குரலில் பழகியவர் புதுக் குரல் கேட்டால் திணறுகிறார். மேலே சொன்ன ‘ர’, ‘ல’ பயிற்சியைத் தொடர்ந்த ஆய்வுகளில் பல குரல்களில் பழகியவர்களே தேறினார்கள். வாய்ப்பயிற்சி எதுவும் இல்லாமலே அவர்களுடைய உச்சரிப்பும் மேம்பட்டது என்று 1997-இல் தெரியவந்தது.

நம்பிக்கை: தமிழ் எழுத்தில் எழுதிப் படித்தால் சுலபம்.

உண்மை: இந்தியில் கணம், பழம், பலம் எனப் பொருள்படும் மூன்று சொற்களுக்கும் முதல் ஒலி தனித்தனி. நாம் தமிழில் எழுதினால் மூன்றும் ‘பல்’. கண் பார்த்துப் படிப்பதைக் காது வேறாகக் கேட்க மறுக்கும்.

இனி, செலவில்லாத பயிற்சி. இப்படி ஒலியில் நெருங்கிய சொற்களைப் பத்துப் பேரிடம் சொல்லச் சொல்லி செல்போனில் பதிவுசெய்யுங்கள். ஆலைத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள்; வீட்டிலேயே இந்த ஒலிகளைப் புழங்கும் திண்டுக்கல் சௌராஷ்டிரக் குடும்பங்களும் தம் மொழிச் சொற்களைச் சொல்லித் தரலாம். கலைத்துப்போட்டுக் கேட்டு, எது எந்தச் சொல் என்று விடை சொல்லுங்கள். சரியா தப்பா என்பது உடனே தெரிய வேண்டும். தினமும் கால் மணி நேரம் செய்யலாம். பதிலுக்கு ஆலைத் தொழிலாளர்களுக்கு ‘ல, ள, ழ’ பழக்கிவிடுங்கள்.

இது ஒலிகளை மட்டுமே தரும். சொல்லும் இலக்கணமும் பேசிப் பழகித்தான் வரும். இந்த இரண்டையும் காது வழியாகவே ஏற்றுகிறேன் என்பவரிடம் பணம் கட்டாதீர்கள்.