கோழிக் குஞ்சுகளின் எலும்பு வளர்ச்சியும் தாது உப்புக்களும்

மூன்று வாரக் குஞ்சு நொண்டத் தொடங்கினால், சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று தீர்மானித்து, கிளிஞ்சல் தூளை அள்ளிப் போடுவது பலருடைய வழக்கம். இது சில சமயம் குணந்தரும். சில சமயம் இருக்கும் கேட்டையே பெருக்கும். ஆகையால் கால் தளர்ந்த காரணத்தை அறிந்து பரிகாரம் செய்வதே உசிதம்.

1. எலும்பின் ஆக்கம்.— எலும்பைச் சுட்ட சாம்பலில் பெரும்பகுதி கால்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் கூடிய உப்பேயாகும். குஞ்சுத் தீவனத்தில் நூற்றுக்கு 1 பங்கு கால்சியமும், 0.45 பங்கு உடலில் சேரத்தக்க பாஸ்பரஸும் இருத்தல் வேண்டும். கம்பு, சோளம், மக்காச்சோளம் ஆகிய தானியங்களில் கால்சியம் மிகச் சொற்பம். தவிட்டில் பாஸ்பரஸ் நிறைய உண்டெனினும், அதன் பெரும்பகுதி ‘பைட்டேட்’ என்னும் உருவில் கட்டுண்டிருப்பதால் குஞ்சுக்கு முழுவதும் பயன்படுவதில்லை.

2. ரிக்கெட்ஸ்.— இந்நோயில் எலும்பு மென்மையாகிவிடும். அலகை விரலால் அழுத்தினால் ரப்பரைப் போல் வளையும். குஞ்சு நிற்கமாட்டாது கணுக்கால் மூட்டின்மேல் உட்காரும். கால்சியமோ பாஸ்பரஸோ குறைந்தாலும், டி ஜீவசத்துக் குறைந்தாலும் இது நேரும். தீவனத்திலுள்ள கால்சியம் உடலில் ஏறுவதற்கு இந்த ஜீவசத்து இன்றியமையாதது. வெயில் மேனியில் படும் குஞ்சு இதனைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். ஆனால், கண்ணாடி வழியே வரும் வெயிலால் பயனில்லை. ஆதலின் இளவெயிலில் நாள்தோறும் அரைமணி முதல் ஒரு மணி நேரம் குஞ்சுகளைத் திறந்த வெளியில் விடலாம். அடைத்து வளர்ப்போர் டி-3 ஜீவசத்தைத் தீவனத்திற் கலக்க வேண்டும்.

3. தசைநார் நழுவல்.— இதில் எலும்பு மெலிவதில்லை. கணுக்கால் மூட்டு வீங்கித் தட்டையாகி, பின்புறத்துத் தசைநார் தன் பள்ளத்தினின்றும் நழுவ, கால் பக்கவாட்டில் திருகிக்கொள்ளும். மாங்கனீஸ் என்னும் தாதுவின் குறைவு இதற்கு ஒரு முக்கிய காரணமென்பதை அமெரிக்காவின் கார்னெல் சர்வகலாசாலையில் வில்கஸ், நாரிஸ், ஹூஸர் ஆகியோர் 1936-ல் வெளியிட்டனர். கால்சியமும் பாஸ்பரஸும் மிதமிஞ்சினால், மாங்கனீஸ் உடலிற் சேராது தடைப்படும். இந்நோய்க்குக் கிளிஞ்சலைக் கூட்டுவது தீங்காக முடிவது இதனாலேயே. ஒருமுறை நழுவிய கால் பின்பு சீர்ப்படாது. வருமுன் காத்தலே வழி.

4. மிகுதியின் கேடு.— முட்டைக் கோழித் தீவனத்தில் கால்சியம் நூற்றுக்கு மூன்றரை முதல் நான்கு பங்கு உண்டு. இதனைக் குஞ்சுகளுக்கு இட்டுவந்தால் சிறுநீரகம் கெட்டு, உள்ளுறுப்புக்களின்மேல் வெண்மையான உப்புப் படிந்து, குஞ்சுகள் மடியும்.

5. கலவை.— தானியமும் பிண்ணாக்கும் சேர்ந்த 100 கிலோ தீவனத்திற்கு:

டைகால்சியம் பாஸ்பேட் — 1¾ கிலோ
கிளிஞ்சல் அல்லது சுண்ணாம்புக்கல் தூள் — 1¼ கிலோ
சாப்பாட்டு உப்பு — 300 கிராம்
மாங்கனீஸ் சல்பேட் — 20 கிராம்

இவற்றை முதலில் இரண்டு கிலோ தவிட்டில் நன்கு கலந்து, பின்னர் முழுத் தீவனத்திலும் பரவச் செய்க. கருவாட்டுத் தூள் சேர்ப்போர், அதிலுள்ள உப்பையும் முள்ளையும் கணக்கிட்டு உப்பையும் பாஸ்பேட்டையும் குறைத்துக்கொள்க. எருவுக்கென விற்கும் எலும்புத்தூளில் நோய்க் கிருமிகளும், பாறைப் பாஸ்பேட்டில் கேடு செய்யும் புளோரினும் இருக்கக்கூடுமாதலால் அவை ஆகா. கடையில் வாங்கும் குஞ்சுத் தீவனத்தில் இவையெல்லாம் முன்பே சேர்ந்திருக்கும். மேலும் சேர்ப்பது தவறு.

வாரந்தோறும் நான்கைந்து குஞ்சுகளைப் பிடித்து, அலகின் உறுதியையும் கணுக்கால் மூட்டின் வடிவையும் தடவிப் பார்த்துவருக. அலகு வளைந்தால் சுண்ணாம்பு, பாஸ்பரஸ், வெயில் இம்மூன்றையும் ஆராய்க. மூட்டுத் தட்டையானால் மாங்கனீஸை ஆராய்க. கிராம அதிகாரிகள் இவ்வேறுபாட்டைத் தம் ஊரில் கோழி வளர்ப்போருக்கு எடுத்துச் சொல்வார்களாயின், வீணே மடியும் குஞ்சுகள் பல பிழைக்கும்.