தண்ணிக்கு வழி விட்டால்தான் தடுப்புச்சுவர் நிற்கும்



ஏற்காடு, கொல்லிமலை போன்ற சரிவான ஊர்களில் வீட்டுக்குப் பின்னால் காய்கறித் தோட்டம் போட்டால், ஐப்பசி, கார்த்திகை மழையில் மேல்மண் கரைந்து ஓடிவிடுகிறது. எருவும் போச்சு, விதையும் போச்சு. இதைத் தடுக்கத்தான் செங்கல்லில் தடுப்புச்சுவர் கட்டுகிறோம். உள்கடன் வாங்கிக் கட்டிய சுவர் முதல் மழையிலேயே சாய்ந்தால், கடன் மட்டும்தான் மிஞ்சும். அதனால் இந்த மாதம் இதைப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

சுவர் ஏன் சாய்கிறது?

"மண்ணு தள்ளுது" என்போம். அது பாதி உண்மை. மழையில் நனைந்த மண் எடை கூடுகிறது. சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீரும் சேர்ந்து தள்ளுகிறது. தண்ணீர் வெளியேற வழி இல்லாவிட்டால், எவ்வளவு சிமென்ட் போட்டாலும் சுவர் தாங்காது.

எவ்வளவு உயரம் கட்டலாம்?

தரைக்கு மேல் 2 அடி, 9 அங்குல கனம். வீட்டுத் தோட்டத்துக்கு இது போதும். இதற்கு மேல் வேண்டுமென்றால் பொறியாளரைக் கேட்காமல் கட்ட வேண்டாம். 4 அடி இடைவெளி விட்டு, படிபோல இரண்டு சின்னச் சுவராகக் கட்டலாம். 2019 டிசம்பர் 2-ம் தேதி மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் உயரமான சுற்றுச்சுவர் வீடுகள்மேல் விழுந்து 17 பேர் இறந்தார்கள். சுவர் என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

10 அடி நீளத்துக்குத் தேவை

- செங்கல் 300 (உடைசல் சேர்த்து)
- சிமென்ட் 2 மூட்டை
- மணல் அல்லது எம்.சாண்ட் 12 கன அடி
- ஜல்லி 8 கன அடி
- 2 அங்குல பிவிசி குழாய், 1 அடித் துண்டுகள் 3
- சுவருக்குப் பின்னால் போட உடைந்த செங்கல், கூழாங்கல்

இரண்டு செங்கல்லைத் தட்டினால் கணீரென்று சத்தம் வரணும். மொத்தென்று கேட்டால் அந்தக் கல் வேண்டாம்.

கட்டும் முறை

1. ஒன்றரை அடி அகலம், 1 அடி ஆழம் வானம் தோண்டுங்கள். மண் இளக்கமாக இருந்தால் கெட்டி மண் வரும்வரை போகணும்; அப்போது கல்லும் கூடும்.
2. அடியில் அரை அடி கான்கிரீட்: சிமென்ட் 1, மணல் 4, ஜல்லி 8 பங்கு.
3. மறுநாள் கல் வையுங்கள். கல்லை முன்கூட்டியே தண்ணீரில் ஊறப் போடணும். கலவை 1-க்கு 5. கலந்ததை அரை மணி நேரத்துக்குள் தீர்த்துவிடணும்.
4. இணைப்புக்கு நேர்மேலே இணைப்பு வரக்கூடாது. வரிக்கு வரி நூல், ரசமட்டம், தூக்குக்குண்டு பாருங்கள்.
5. முன்பக்கத் தரையிலிருந்து அரை அடி உயரத்தில், 4 அடிக்கு ஒரு குழாய், வெளிப்பக்கம் சற்றுச் சரிவாக வையுங்கள். உள்வாயில் வலை கட்டுங்கள்.
6. 10 நாள் விடாமல் தண்ணீர் ஊற்றுங்கள்.
7. அதன் பிறகுதான் மண் நிரப்பணும். சுவரை ஒட்டி 1 அடி அகலத்துக்கு உடைந்த செங்கல், கூழாங்கல். அதற்குப் பின்னால் மண். அரை அடி அரை அடியாகப் போட்டு மெதுவாக மிதியுங்கள்.

சுவரை ஒட்டிக் கீரை, தக்காளி போடலாம். மரம் வைக்க வேண்டாம். வேர் சுவரைப் பிளந்துவிடும். மழைக்கு முன்னால் வருஷா வருஷம் குழாயைக் குச்சியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். சுவர் வயிறு தள்ளினாலோ, விரிசல் விட்டாலோ, பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

நம் உறுப்பினர்களில் பலர் சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள். கலவை பதம் அவர்கள் கைக்குத் தெரியும். கொத்தனார் "குழாய் எதுக்கும்மா, தேவையில்லை" என்றால், "வேணும்ண்ணா, வச்சே ஆகணும்" என்று தைரியமாகச் சொல்லுங்கள். பணம் நம்முடையது.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

- நம் ஊரில் எந்தெந்த வீட்டுத் தோட்டத்தில் மண் கரைகிறது?
- இப்போது இருக்கும் சுவர்களில் தண்ணீர் போக வழி இருக்கிறதா?
- சுவருக்கு உள்கடன் கொடுக்கும் முன் யார் போய் இடத்தைப் பார்ப்பது?