இரண்டு வரிகளை நீக்கியதால் வந்த வினை

மாணவர்களே, ‘உலு சிலாங்கூர்’ என்ற பெயரில் உள்ள ‘உலு’ ஆற்றின் மேற்பகுதியைக் குறிக்கும். திறந்தமூல மென்பொருளும் ஆறு போன்றதே. மூலநிரலை எழுதிப் பராமரிக்கும் குழு மேலோட்டத்தில் இருக்கிறது. அதைப் பெற்று, தேவைக்கேற்பத் திருத்தி, பயனர்களுக்கு வழங்கும் குழு கீழோட்டத்தில் இருக்கிறது. இவ்விரு குழுக்களும் தெளிவாகப் பேசிக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும்?

ஓபன்எஸ்எஸ்எல் என்பது இணையத் தகவல்களைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் மென்பொருள். டெபியன் குழு அதைத் தன் லினக்ஸ் தொகுப்பில் சேர்த்து வழங்குகிறது. 2006இல், நினைவகப் பிழைகளைக் கண்டறியும் கருவி ஒன்று ஓபன்எஸ்எஸ்எல் பற்றி எச்சரிக்கை காட்டியது. அதற்குக் காரணமான இரண்டு வரிகளை நீக்கலாமா என்று டெபியன் பராமரிப்பாளர் மேலோட்டக் குழுவிடம் கேட்டார். பிழை தேட உதவுமானால் நீக்கலாம் என்ற பொருளில் பதில் வந்தது. ஆனால், எல்லாப் பயனர்களுக்கும் செல்லும் பதிப்பிலேயே அவை நீக்கப்படும் என்பது அந்த உரையாடலில் தெளிவாகவில்லை. திருத்திய நிரலும் சரிபார்ப்புக்கு அனுப்பப்படவில்லை.

யாரும் ஊகிக்க முடியாத எண்களிலிருந்தே இரகசியத் திறவுகோல்கள் உருவாகின்றன. நீக்கிய வரிகளுள் ஒன்று அதற்கான தரவுகளைக் கலக்கும் வரி! அது போனபின், இயங்கும் நிரலுக்குக் கணினி தரும் அடையாள எண் மட்டுமே எஞ்சியது. அதற்கு வழக்கமாக 32,768 மதிப்புகளே உண்டு. ஆகவே ஒரே வகைக் கணினியில், ஒரே நீளமுள்ள திறவுகோல்களும் ஏறத்தாழ அவ்வளவே.

2008 மே மாதத்தில்தான் இக்குறை வெளியானது. டெபியனிலிருந்து நிரலைப் பெறும் உபுந்துவும் பாதிக்கப்பட்டது. நிரலைத் திருத்தியது மட்டும் போதவில்லை. பலவீனமான திறவுகோல்களை நீக்கிப் புதியவற்றை உருவாக்க வேண்டியதாயிற்று.

இதிலிருந்து நாம் அறிவது என்ன?

1. கீழோட்டத்தார் எதை மாற்றுகிறோம், ஏன் மாற்றுகிறோம், யாருக்குச் செல்லும் என்பதைத் தெளிவாகச் சொல்லி, திருத்திய நிரலையே அனுப்ப வேண்டும்.

2. மேலோட்டத்தார் அதைச் சோதித்துப் பதில் தர வேண்டும். முக்கிய வரிகளின் வேலையை நிரலிலேயே குறித்து வைக்க வேண்டும்.

3. நல்ல திருத்தம் மூலநிரலில் சேர்ந்தால், அதைப் பயன்படுத்தும் எல்லாத் தொகுப்புகளுக்கும் அதன் பலன் சென்றடையும்.

கணக்கிடுக: வினாடிக்கு 10 திறவுகோல்களைச் சோதிக்கும் கணினிக்கு 32,768 திறவுகோல்களையும் சோதிக்க எவ்வளவு நேரமாகும்? விடை ஒரு மணி நேரத்தைக்கூடத் தாண்டாது.